எங்கள் வீட்டு முகப்பில் ஒரு குளவிக்கூடு

1

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் திருமதி லிம், போன வாரம் ஒரு தாளைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். 'எச்சரிக்கை! ஆபத்தான உயிரினங்கள்' என்று நான்கு மொழிகளில் அச்சிட்டிருந்தது. மலாய் மேலே, ஆங்கிலம் அடுத்து, சீனம் அதற்கும் கீழே, தமிழ் வழக்கம்போல் தாளின் கால்மாட்டில். தமிழைக் கணினியே மொழிபெயர்த்துவிட்டதாம். படித்துப் பார்த்தேன். 'பாம்பைக் கண்டால் அது பதற்றப்படாமல் அசையாது நிற்க வேண்டும்.' 'குரங்குக்கு உணவளிப்பவர் தண்டிக்கப்பட்டு உண்ணப்படுவார்.' 'மரத்தின் பால் தோலில் பட்டால் உடனே மருத்துவரைக் கழுவவும்.'

"நீங்கள்தான் திருத்தித் தர வேண்டும். உங்கள் வீட்டில்தானே நடந்தது" என்றார் திருமதி லிம். அவர் மலாயில் சொன்னார், நான் தமிழில் வெட்கப்பட்டேன்.

இந்த மாதத்தோடு நான் பினாங்கில் குடியேறி முப்பத்து மூன்று ஆண்டுகள் முடிகின்றன. தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்க அறந்தாங்கியிலிருந்து வந்தவன். இத்தனை ஆண்டில் என்னை யாரும் எந்தத் துறையிலும் நிபுணர் என்று ஒப்புக்கொண்டதில்லை. இப்போது எங்கள் சாலை முழுக்க என்னைக் கொட்டும் பூச்சிகளின் நிபுணராக மதிக்கிறார்கள். எப்படி அந்தப் பட்டம் கிடைத்தது என்று ஊரில் இருக்கும் நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். கொஞ்சம் கேவலமான கதைதான்.

2

ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பீர்கள்: "அங்க ரோட்டுலயே மலைப்பாம்பு படுத்துக் கெடக்குமாமே?" கிடக்கும், எப்போதாவது. ஆனால் பாம்பைவிட மோசமானவை உண்டு.

முதலில் குரங்கு. வந்த புதிதில் மலையடிவாரத்துப் பூங்காவில் ஒன்று எதிரே வந்து நின்றது. நான் வளர்ந்த விதம் அப்படி, ஆஞ்சநேயா என்று இரண்டு கையையும் கூப்பினேன். கூப்பிய கையில் தொங்கிய வாழைப்பழப் பையை அது பிடுங்கிக்கொண்டது. போகிற போக்கில் சட்டைப்பையிலிருந்த பேனாவையும் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து கோயிலுக்கு உள்ளே இருக்கும் ஆஞ்சநேயரை மட்டும் கும்பிடுகிறேன்.

அடுத்தது உடும்பு. இங்கே மழைநீர் வடிகாலில் ஆள் நீளத்துக்குப் போகும். முதல்முறை பார்த்தபோது "முதலை, முதலை" என்று கத்திக்கொண்டு ஓடினேன். வடிகாலோரம் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிறகு பச்சை விரியன். எங்கள் ரம்புத்தான் மரத்தில் ஒன்று நான்கு நாள் அசையாமல் இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிளாஸ்டிக் பொம்மை என்று நினைத்து, என் மனைவி விசாலம் அதற்கு இரண்டடி தள்ளிக் கொடி கட்டித் துணி காயப்போட்டாள். ஐந்தாம் நாள் பொம்மை வேறு கிளைக்குப் போயிருந்தது. அன்று காய்ந்த துணிகளை எடுக்க மறுநாள்வரை ஆள் இல்லை.

பத்து ஃபெர்ரிங்கி என்ற கடற்கரையில் ஜெல்லி மீன் உண்டு. புடவையோடு கடலில் இறங்கும் நம் பெண்களைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள். ஜெல்லி மீன் வந்த அன்று அரைக்கால் சட்டைக்காரர்கள் அலறினார்கள், விசாலத்தின் ஆறு கஜம் அவளைக் காப்பாற்றியது.

செடி கொடிகளும் சும்மா இல்லை. ரெங்காஸ் என்று ஒரு மரம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினேன். இலையிலிருந்து சொட்டிய நீர் பட்டு, மறுநாள் முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. அன்றைக்குத்தான் வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய கடைசி நாள். குடிநுழைவு அலுவலகத்தில் இருந்த அதிகாரி கடவுச்சீட்டுப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "இவர் வந்தால் அனுப்புங்கள்" என்றார். நான்தான் இவர் என்று என் அரைகுறை மலாயில் விளக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

இவை எல்லாம் திருமதி லிம் தந்த தாளில் இருக்கின்றன. எனக்கு எதிராக எவையும் சதி செய்யவில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். சதியை எங்கள் வீட்டுக்குள் நாங்களே செய்துகொண்டோம்.

3

எங்களுக்கு ஒரே மகள், யாழினி. இங்கேயே பிறந்தவள். முப்பத்தொரு வயது. மாப்பிள்ளை பிரகாஷ் நிபோங் திபால் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், இப்போது ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கல்யாணமாகி ஆறு ஆண்டுகள். குழந்தை இல்லை.

இந்தக் கடைசி இரண்டு சொல்லை நான் எழுதிவிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக விசாலம், "ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்பாள். யாழினி, "ம்மா, போதும்லா" என்பாள். பிறகு விசாலம் ஏதாவது கோயிலின் பெயரைச் சொல்வாள். யாழினி கைப்பேசியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஞாயிறுதோறும் நடக்கும் நாடகம். வசனம் மாறாது. முதலில் வாராவாரம் வந்தவர்கள், மாதம் ஒருமுறை என்று ஆனார்கள். அடுத்த வீதியில் குடியிருப்பவர்கள் பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் பானைப் படம் அனுப்பினார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில், கார் நிறுத்தும் முகப்பின் கூரைமூலையைப் பார்த்து விசாலம் ஓவென்று கத்தினாள். பாம்பு என்று நினைத்து நான் நாற்காலிமேல் ஏறிவிட்டேன்.

"குளவிங்க! நம்ம வீட்டுல குளவி கூடு கட்டுதுங்க!"

எலுமிச்சம்பழம் அளவில், கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி, மண் நிறத்தில் ஒன்று தொங்கியது. அதில் ஒற்றைக் குளவி உட்கார்ந்து மும்முரமாக வேலைசெய்துகொண்டிருந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது. அதைக் கலைக்கக் கூடாது. என் தங்கை வயிற்றில் இருந்தபோது எங்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னால் குளவி கூடு கட்டியதாக அம்மா சொல்வாள். அந்த அலமாரியை எட்டு மாதம் யாரும் நகர்த்தவில்லையாம்.

விசாலம் படம் பிடித்து அறந்தாங்கிக்கு அனுப்பினாள். அவள் அக்கா உடனே கூப்பிட்டார். "ஒத்தக் குளவியா? அப்ப ஆம்பளப் புள்ளதான். வேணும்னா எழுதி வச்சுக்க." எங்கே எழுதிவைப்பது என்று நான் கேட்பதற்குள் இரண்டு பேரும் பெயர் தேட ஆரம்பித்திருந்தார்கள்.

அன்று மாலையே யாழினிக்குச் சொல்லியாயிற்று. அவள் வந்தாள், பார்த்தாள். அம்மாவின் முகத்தையும் பார்த்தாள். "சரிம்மா, அழகா இருக்கு" என்றாள். விசாலம் அன்று கோயில் எதையும் சொல்லவில்லை. 'விசேஷம் உண்டா' என்று கேட்கவும் இல்லை. கேட்பானேன், கூரையில்தான் எழுதித் தொங்கவிட்டிருக்கிறதே.

4

மூன்றாம் வாரம் கூடு தேங்காய் அளவு ஆயிற்று. ஒற்றைக் குளவி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஏனென்றால் இப்போது முப்பது இருந்தன.

அடுத்த வீட்டு ஆ செங், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "ஐயோ, தெபுவான் லா! பஹாயா!" என்றார். ஆபத்து என்று அர்த்தம். தெபுவான் என்பது நம் ஊரில் கதண்டு, கூட்டமாக வந்து கொட்டும் விஷவண்டு. நான் புரியாத மாதிரி சிரித்தேன். முப்பத்து மூன்று ஆண்டில் இந்தச் சிரிப்பில் நன்றாகத் தேறியிருக்கிறேன்.

எனக்குப் புரியாமல் இல்லை. பள்ளியில் படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு சாவு ஊர்வலம் போனது. பனைமரத்தடியில் யாரோ சரம் வெடித்தார்கள். வெடிப்புகை மேலே போனது, மேலேயிருந்து கதண்டு கீழே வந்தது. கொள்ளி தூக்கியவர், பறையடித்தவர், பாடை சுமந்தவர், துக்கத்துக்கு வந்த உறவுமுறை எல்லாரும் நாலாபக்கமும் ஓடினார்கள். நடுரோட்டில் பாடை தனியாகக் கிடந்தது. ஊரிலேயே அன்று ஒரு கொட்டும் வாங்காமல் நிம்மதியாக இருந்தவர் அந்தப் பெரியவர் மட்டும்தான். ஓடியவர்களில் ஒருவர் அடுத்த வாரம் அவருக்குத் துணையாகப் போனார். ஆகவே கதண்டு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். புகை பட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும்.

தெரிந்து என்ன? "கூட்டை எடுத்துவிடலாம்" என்று சொல்ல வேண்டிய வாய் என்னுடையது. சொன்னால், பேரப்பிள்ளை வேண்டாம் என்று சொன்ன கிழவன் ஆகிவிடுவேன்.

பிரகாஷ் ஒருநாள் என்னை வெளியே அழைத்துப் போனார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார், அதாவது கறிக்குழம்புச் சோறு, வாங்கிக்கொடுத்தார். மாப்பிள்ளை மாமனாருக்கு நாசி கண்டார் வாங்கிக்கொடுத்தால் ஏதோ இருக்கிறது என்று எச்சரிக்கையாகத்தான் சாப்பிட்டேன்.

"மாமா, அது குளவி இல்ல மாமா. தெபுவான். எஸ்டேட்ல நான் பாத்திருக்கேன். பனங்குலை வெட்டற அண்ணே ஒருத்தர் அங்கயே விழுந்துட்டாரு."

"தெரியும் தம்பி."

"தெரியுமா? அப்ப நீங்க அத்தைகிட்ட சொல்லுங்க மாமா."

"நீங்க சொல்லுங்களேன்."

அவர் கறிக்குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நான் எப்படி மாமா சொல்றது? நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும்லா" என்றார். அவர் சொல்வதும் சரிதான். மாமியார் பேரப்பிள்ளைக்காகக் காவல் காக்கும் கூட்டை, மாப்பிள்ளை எந்த முகத்தோடு உடைக்கச் சொல்வார்? இரண்டு ஆண்பிள்ளைகளும் வெள்ளரிக்காய்த் துண்டை மென்றுகொண்டு, யாழினி சொல்வாள் என்று முடிவுசெய்து எழுந்தோம். யாழினியோ வாராவாரம் வர ஆரம்பித்திருந்தாள். கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு மாதத்தில் கூடு சின்னப் பலாப்பழம் ஆயிற்று. வீட்டுக்குப் புதுச் சட்டங்கள் வந்தன. முன்வாசலை மெதுவாகத் திறக்க வேண்டும். காரை முகப்பில் நிறுத்தக் கூடாது. சாலையில் நிறுத்தியதற்கு நகராண்மைக் கழகத்திலிருந்து அபராதச் சம்மன் வந்தது. தபால்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கடிதத்தை வேலிக்குமேல் எறிந்தார். அந்தச் சம்மன்கூட அப்படி எறியப்பட்டு வந்ததுதான்.

5

ஒரு வெள்ளிக்கிழமை. பொது விடுமுறை. யாழினியும் பிரகாஷும் காலையிலேயே வந்துவிட்டார்கள். விசாலம் குளித்து, தலைமுடியை அள்ளிச் செருகி, லிட்டில் இந்தியாவில் வாங்கிய சாம்பிராணியைக் கரித்துண்டின்மேல் தூவினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டுக்குள் ஒவ்வொரு மூலையிலும் சாம்பிராணி காட்டுவாள். கதவைத் தாண்டி வெளியே போனதில்லை. அன்று போனாள்.

"யாழினி, நீ வந்து இதுக்கு நேரா நில்லு. மாப்ள, நீங்களும் வாங்க. ஒரே ஒரு சுத்துதான்."

நான் கூடத்தில் நின்றேன். கண்ணெதிரே நடக்கிறது. கூடு, கூட்டுக்குக் கீழே என் மகள், மகளுக்குப் பக்கத்தில் புகைந்துகொண்டிருக்கும் சாம்பிராணித் தட்டு. இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "காப்பி போட்டாச்சா?" என்ற கேள்விதான் வந்தது.

புகை ஒரு சுற்றுச் சுற்றி மேலே போனது. கூட்டிலிருந்து மோட்டார் முடுக்கிய மாதிரி ஒரு சத்தம். பிரகாஷ் சத்தத்தைக் கேட்டவுடன் யாழினியை இரண்டு கையாலும் பிடித்து வீட்டுக்குள் தள்ளினார். அவள் என்மேல் வந்து விழுந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

சாத்தியபிறகுதான் எண்ணிப் பார்த்தேன். உள்ளே இரண்டு பேர், வெளியே இரண்டு பேர்.

"அப்பா, என்ன பண்றீங்க! தொறங்கப்பா!" யாழினி என்னை இடித்துத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். பிரகாஷ் தன் சட்டையைக் கழற்றி விசாலத்தின் தலையில் போர்த்தி, அவளை அணைத்தமாதிரி குனிந்து இழுத்துக்கொண்டு வந்தார். வெறும் முதுகு. கூடத்துக்குள் வந்து கதவைச் சாத்தியபிறகும் அவர் முதுகில் நான்கைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. யாழினி செருப்பால் அவற்றை அடித்தாள், அழுதுகொண்டே அடித்தாள். யாரை அடிக்கிறாள் என்று கவனிக்கும் நிலையில் அவள் இல்லை.

அலறல் கேட்டு ஆ செங் தன் பழைய வேனைப் பின்சந்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வேனில் ஏறும்போது பிரகாஷின் உதடு தடித்திருந்தது. பாதி வழியில், மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறது என்று கையைக் காட்டினார்.

6

பிரகாஷுக்குப் பதினான்கு கொட்டு. விசாலத்துக்கு இரண்டு. யாழினிக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை. யாழினிக்கு ஏன் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஏன் இல்லை என்றும் எல்லாருக்கும் தெரியும்.

அவசரப் பிரிவில் பிரகாஷை உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடிவிட்டார்கள். ஒரு தாதி படிவத்தோடு வந்து நோயாளியின் அடையாள அட்டை எண்ணைக் கேட்டார். எங்கே கொட்டியது? வீட்டில். எப்படிக் கொட்டியது? சாம்பிராணிக்கு மலாயில் சொல் தெரியாமல், கையால் புகை மாதிரி சுற்றிக் காட்டினேன். தாதி 'வீட்டில்' என்பதை மட்டும் எழுதிக்கொண்டார்.

நடைபாதை நாற்காலியில் விசாலம் உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் கொட்டு வாங்கி ஒரு கண் மூடிக்கிடந்தது. மாப்பிள்ளையின் சட்டை இன்னும் தோளில் இருந்தது. வாய் ஏதோ முணுமுணுத்தது. ஏதோ கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறாள் என்று தெரிந்தது.

"ம்மா, வேண்டாம்" என்றாள் யாழினி.

"மாப்ளைக்குத்தான்டி வேண்டிக்கறேன்."

"வேண்டாம்மா. எதுவும் வேண்டாம்." அவள் அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "கேளுங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டாரு. ஆகாதுன்னு. ரெண்டு டாக்டர்கிட்ட கேட்டாச்சு. எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."

விசாலம் ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்தாள். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க ஒடஞ்சு போவீங்கன்னு பிரகாஷ் சொன்னாரு. சொல்லாமலே இருந்தா நீங்க கேட்டுகிட்டே இருந்தீங்க. நான் வரதையே கொறச்சுட்டேன். அப்புறம் அந்தக் கூடு வந்துச்சு. அதுக்கப்புறம் நீங்க ஒரு தடவைகூட கேக்கலம்மா. ரெண்டு மாசம் நான் வீட்டுக்கு வந்தேன், சாப்ட்டேன், உங்க பக்கத்துல படுத்துத் தூங்கினேன். நல்லா இருந்துச்சும்மா. அதான் நான் அத எடுக்கச் சொல்லல." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது தெபுவான்னு எனக்கு மொத நாளே தெரியும்."

என்னால் அங்கே இருக்க முடியவில்லை. எங்கள் நான்கு பேரில் ஒருவருக்குக்கூட அந்தக் கூட்டின்மேல் ஆசை இல்லை. விசாலத்துக்காக மகள் வைத்திருந்தாள், மகளுக்காக விசாலம் வைத்திருந்தாள். மாப்பிள்ளை இருவருக்காகவும் வாயை மூடிக்கொண்டிருந்தார். நான் எனக்காக மூடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய், வேண்டாத ஒரு மைலோ பான டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது மருத்துவர் வெளியே வந்திருந்தார். தமிழ்ப் பெண்தான். "பயப்படாதீங்க, மூச்சு சீராயிடுச்சு. சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு அனுப்பிடறோம்" என்றார். யாழினி நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். விசாலம் மாப்பிள்ளையின் சட்டையை எடுத்து அவள்மேல் போர்த்தினாள்.

"உங்க போனக் குடுங்க" என்றாள் என்னிடம்.

அறந்தாங்கி அக்காவைக் கூப்பிடப்போகிறாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. இங்கே எல்லாரும் பொம்பா என்று சொல்லும் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியை அமுக்கிவிட்டு, சந்தையில் கற்றுக்கொண்ட மலாயில் அவளே பேசினாள். முகவரி சொன்னாள். தெபுவான் என்று சொன்னாள். குளவி என்று அவள் சொல்லவில்லை. எவ்வளவு பெரிது? பலாப்பழம். எந்த உயரம்? என் கணவர் நாற்காலிமேல் ஏறினால் எட்டும், ஆனால் அவர் ஏறமாட்டார். அந்தப் பக்கத்துக் குரல் சிரிக்காமல் குறித்துக்கொண்டது. பொழுது சாய்ந்ததும் வந்து எடுத்துவிடுகிறோம், அதுவரை யாரும் பக்கத்தில் போக வேண்டாம் என்றது.

பிறகு வழக்கமாகக் கேட்பார்கள்போல, இன்னொன்றும் கேட்டது. வீட்டில் முதியவர்கள் உண்டா?

"ஒருவர். நன்றாக ஓடுவார்" என்றாள் விசாலம்.

குழந்தைகள் உண்டா?

நான் போனை வாங்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. தூங்கிக்கொண்டிருந்த யாழினியைப் பார்த்தாள்.

"உண்டு. ஒன்று" என்றாள்.

வயது?

"முப்பத்தொன்று."

சரியாகக் கேட்கவில்லை, மறுபடியும் சொல்லுங்கள் என்றது அந்தக் குரல். விசாலம் குரலை உயர்த்தவில்லை.

"முப்பத்தொன்று. என் பிள்ளை. இன்று எங்களோடுதான் வீட்டுக்கு வருகிறது. நீங்கள் சீக்கிரம் வாருங்கள்."